பால்புட்டி பேட்ச்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ரிலீஸ், ரிலீஸுக்கு அப்புறம் பக், பக்குக்கு அப்புறம் இன்னொரு ரிலீஸ். பொட்டி தட்டுறவங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னைக்குச் சொல்லப்போற கதையும் ஒரு பக்லதான் ஆரம்பிச்சது.

எங்க கிளையன்ட் பார்சிலோனாவில் இருக்காங்க. பயனாளர் பக்கத்துல பேருக்குக் கீழே வயசு வரணும். ஸ்பானிஷ்ல '28 அன்யோஸ்', அதாவது 28 வருஷம். அந்த 'ன்யோ'வுக்கு 'என்' எழுத்து மேல ஒரு நெளிவு போட்டு எழுதுவாங்க. எங்க சர்வர்ல என்கோடிங் சொதப்பி, அந்த எழுத்து வர வேண்டிய இடத்துல கேள்விக்குறி வந்துச்சு. ராத்திரி பதினொன்றரை மணி. நான் ரொம்ப புத்திசாலித்தனமா அந்த எழுத்தைத் தூக்கிட்டு சாதா 'என்' போட்டேன். டெஸ்டிங்ல பாஸ். எங்க டீம்ல யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது, பாஸ் ஆகாம என்ன பண்ணும்?

மறுநாள் கால்ல அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நெளிவு இல்லாம எழுதினா அது 'அனோஸ்'. அர்த்தம் ஆசனவாய், அதுவும் பன்மையில். ஒவ்வொரு பயனாளருக்கும் இத்தனை ஆசனவாய்னு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கு நம்ம சாஃப்ட்வேர். திஸ்கி, யூனிகோடு சண்டையெல்லாம் நேர்ல பார்த்த சீனியர் பதிவர்கள் என்னை மன்னிச்சிடுங்க :-)

அந்த நெளிவுக்கும் ஒரு கதை இருக்கு. லத்தீன்ல வருஷத்துக்கு 'அன்னுஸ்'. ரெண்டு 'என்' வரும். இடைக்காலத்துல ஓலைக்குப் பதிலா தோல்ல எழுதின ஆளுங்க, தோலும் நேரமும் மிச்சம் பிடிக்க ரெண்டாவது 'என்'னைக் குட்டியா முதல் 'என்' தலைமேல ஏத்தி வச்சிட்டாங்க. அதுதான் நெளிவா மாறிச்சு. ஆக, நான் தூக்கிப் போட்டது ஒரு அலங்காரக் கொம்பு இல்லை, ஒரு முழு எழுத்து.

அந்தப் பக்கம் இருந்த டீம்ல ஒருத்தர், 58 வயசு, திட்டாம பொறுமையா இதெல்லாம் விளக்கிச் சொன்னார். அவர்தான் கொஞ்ச நாள் கழிச்சு ஒரு உதவி கேட்டார். இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போறாராம். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் அரை மணி நேரம் பேசிப் பழகலாமான்னு கேட்டார். என் இங்கிலீஷை நம்பி ஒரு ஐரோப்பியர் பரீட்சை எழுதறதான்னு பயமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் சரின்னுட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு அவர் எடுத்துக்கிட்ட பாடம், வயசும் தலைமுறையும். குடும்பத்துல ஒருத்தரைப் பத்தி மூணு நிமிஷம் பேசணும்.

முதல் வாரமே மாட்டினோம். இங்கிலீஷ்ல 'ஐ ஆம் 28'. ஆளே வயசு. ஸ்பானிஷ்ல 'தெங்கோ 28 அன்யோஸ்', என்கிட்ட 28 வருஷம் இருக்கு. சட்டைப்பையில சில்லறை இருக்குங்கற மாதிரி. நாம 'எனக்கு 28 வயசு'ங்கிறோம், ரெண்டுக்கும் நடுவுல. அவர் ஒவ்வொரு தடவையும் 'ஐ ஹேவ் 58 இயர்ஸ்'னு ஆரம்பிப்பார். நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். ஸ்பானிஷ் பேசறவங்க இங்கிலீஷ் கத்துக்கும்போது முதல்ல பண்ற தப்பு இதுதானாம்.

சில இடத்துல அவர் ஸ்பானிஷ் இங்கிலீஷை விட நமக்குத்தான் பக்கம். வயசானவங்களை அங்கே 'மயோரெஸ்'னு சொல்றாங்க. நேர் அர்த்தம் பெரியவங்க. அப்படியே நம்ம 'பெரியவங்க'தான்! அண்ணனும் 'பெரிய சகோதரன்'. இங்கிலீஷுக்குப் போகும்போது 'எல்டர்', 'ஓல்டர்'னு தடுமாறுவார். ரிட்டையர் ஆனவரை 'ஹுபிலாதோ'ங்கிறாங்க. அதோட லத்தீன் வேர்ல சந்தோஷக் கூச்சல் இருக்கு. இங்கிலீஷ் சொல்லுக்கோ பின்வாங்கிப் போனவர்னு அர்த்தம். 'டீனேஜர்' அவருக்குச் சுத்தமா ஒட்டலை. இங்கிலீஷ்ல 13-லேர்ந்து 19 வரைக்கும் வால்ல 'டீன்' வருது, அதை வச்சு 1940-கள்ல அமெரிக்காக்காரங்க அந்தச் சொல்லைப் பரப்பிட்டாங்க. ஸ்பானிஷ் எண்கள்ல அப்படி ஒரு பொது வால் கிடையாது. நமக்குப் 'பதின்' கிடைச்சதால 'பதின்ம வயது'ன்னு ஒண்ணு உண்டாக்கித் தப்பிச்சிட்டோம்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

மூணாவது வாரம் ஒரு கேள்வி கேட்டார். "நீயும் நானும் ஒரே 'கின்த்தா' அப்படீங்கறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

ஒரே வயசுக்காரங்க, ஒண்ணா வளர்ந்தவங்கன்னு அர்த்தம். எங்க அப்பா 'அவன் என் செட்டு'ம்பார். தெக்கத்திப் பக்கம் 'என் சோட்டுப் பிள்ளைக'ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. எனக்கு உடனே தோணினது 'பேட்ச்'. நாம யாரைப் பார்த்தாலும் கேக்கற முதல் கேள்வியே 'நீங்க எந்த பேட்ச்?' தானே. ஆனா இந்த அர்த்தம் நம்ம ஊர் இங்கிலீஷ். வெள்ளைக்காரர்கிட்ட சொன்னா, ஒரே அடுப்புல ஒண்ணாச் சுட்டு எடுத்த ரொட்டிங்களான்னு கேப்பார். அந்தச் சொல்லே ரொட்டி சுடறதுலேர்ந்து வந்ததுதான்.

அவர்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். "ரொட்டி பரவாயில்லை. எங்க சொல் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா?"ன்னார்.

கின்த்தான்னா அஞ்சுல ஒரு பங்கு. அஞ்சு ஆம்பளைல ஒருத்தன் பட்டாளத்துக்குப் போகணும். அந்தக் கணக்குதான் முதல்ல ஆள் எடுக்கிற முறைக்குப் பேராச்சு. அப்புறம் ஒரு வருஷம் எடுத்த ஆட்கள் மொத்தத்துக்கும் பேராச்சு. கடைசியில ஒரே வயசுக்காரங்கன்னு அர்த்தம் வந்து நின்னுச்சு. இன்னைக்கு ஸ்பெயின்ல ரெண்டு பாட்டிங்க பஸ் ஸ்டாப்ல 'நாம ஒரே கின்த்தா'ன்னு பேசிக்கலாம். உள்ளே ஒரு ஆள்பிடிப்பு ஒளிஞ்சிருக்கிறது அவங்க ஞாபகத்துக்கே வராது.

அன்னைக்கு ராத்திரி தூங்கலை. தோண்டித் தோண்டிப் படிச்சேன்.

18ஆம் நூற்றாண்டுல, 1770-ல் மூணாம் கார்லோஸ் ராஜா போட்ட உத்தரவு இந்த முறைக்கு ஒரு சட்டவடிவம் கொடுத்துச்சு. வருஷா வருஷம் ஊர்ல வயசு வந்த பசங்க பேரையெல்லாம் எழுதி, குலுக்கல் போடுவாங்க. ஊர் மன்றத்துக்கு வரவச்சு, உயரம் அளந்து, சீட்டு எடுக்கச் சொல்வாங்க. சின்ன நம்பர் வந்தா பட்டாளம், பெரிய நம்பர் வந்தா வீடு. போனா ஆறு வருஷம், எட்டு வருஷம். வயல்ல இருந்து ஒரு ஜோடிக் கை போயிடும். ஜனங்க இதுக்கு வச்ச பேர் இரத்த வரி.

வரின்னா கட்டாம தப்பிக்கவும் வழி இருக்கணுமே. இருந்துச்சு. 19ஆம் நூற்றாண்டுல பணம் கட்டினா விலக்கு. இல்லைன்னா உனக்குப் பதிலா இன்னொருத்தனைக் கூலிக்கு அனுப்பலாம். அந்த நூற்றாண்டு முடியற சமயம் விலை 1,500 பெசேத்தா, கடல் தாண்டிப் போற டூட்டின்னா 2,000. ஒரு கூலிக்காரர் ஒரு வருஷம் முழுக்கச் சம்பாதிக்கறதுக்கும் மேல. நிலத்தை வித்தவங்க உண்டு, கோவேறு கழுதையை வித்தவங்க உண்டு. பையன் பேருக்குக் குலுக்கல்ல சின்ன நம்பர் விழுந்தா பணம் தர்றோம்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே நடந்துச்சு. (பிசினஸ் மாடல்னா இது. எந்தக் காலத்துலயும் ஒருத்தன் கிளம்பிடறான்.)

1895-ல் கியூபாவில் சண்டை மூண்டுச்சு. மூணு வருஷத்துல ரெண்டு லட்சத்துக்கும் மேல ஆட்களைக் கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. 2,000 பெசேத்தா இல்லாத வீட்டுப் பசங்கதான் அதுல அதிகம். செத்தவங்கள்ல பெரும்பாலோர் குண்டடி பட்டுச் சாகலை. மஞ்சள் காய்ச்சல், மலேரியா, வயித்துப்போக்கு. 1897-ல் சோஷலிஸ்ட் கட்சி 'எல்லாரும், இல்லைன்னா யாருமில்லை'ன்னு ஒரு கோஷத்தோட பிரசாரம் பண்ணுச்சு. பணக்காரன் பையனும் போகட்டும், இல்லைன்னா என் பையனையும் விடுங்கறதுதான் அதோட சாரம். 1898-ல் ஸ்பெயின் கியூபாவையும் பிலிப்பைன்ஸையும் புவர்த்தோ ரிக்கோவையும் இழந்துச்சு.

இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் வருது. இந்த 1898-ஐத்தான் ஸ்பானிஷ் இலக்கியம் ஒரு தலைமுறைக்குப் பேரா வச்சிருக்கு. '98-ன் தலைமுறை'. 1913-ல் அசோரின்ங்கிற எழுத்தாளர் அந்தப் பேரை நிலைக்க வச்சார். உனாமுனோ, பரோஹா, அசோரின்னு பெரிய எழுத்தாளர்கள் வரிசை. தோல்வி அவங்களை உலுக்கிச்சு, நல்லா எழுதினாங்க, மறுக்கலை. ஆனா 98-ன் தலைமுறைன்னு சொன்னா கியூபாவில் காய்ச்சல்ல கிடந்த பையன் ஞாபகத்துக்கு வரமாட்டான். அவனுக்கு மிஞ்சினது கின்த்தாங்கற சொல் மட்டும்தான்.

அப்புறமும் அடங்கலை. 1909 ஜூலையில் மொராக்கோ சண்டைக்காக, சர்வீஸ் முடிச்சு வீட்டுக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக் குழந்தை குட்டியோட இருந்தவங்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. பார்சிலோனா துறைமுகத்துல கப்பல் ஏறும்போது, வசதியான வீட்டுப் பெண்கள் வந்து சாமி மெடலும் சிகரெட்டும் கொடுத்திருக்காங்க. அதைச் சிப்பாய்ங்க கடல்ல வீசினாங்க. கொஞ்ச நாள்ல ஊரே வேலைநிறுத்தம், தடுப்பரண், தீப்பிடிச்ச சர்ச்சுகள், துப்பாக்கிச்சூடு. வரலாற்றுல அதுக்குப் 'துயர வாரம்'னு பேர். 1912-ல் பணம் கட்டி விலகற முறையை ஒழிச்சாங்க. ஒழிச்சாங்கன்னா, பணம் கட்டினா கொஞ்ச மாசம் மட்டும் போனா போதும்னு மாத்தினாங்க. வெர்ஷன் நம்பர் மட்டும் மாறிச்சு.

இதையெல்லாம் படிச்சுட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய மேதாவி மாதிரி அவர்கிட்ட ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டார். அப்புறம்தான் பரீட்சையில யாரைப் பத்திப் பேசப் போறார்னு சொன்னார். அவருடைய 'தீயோ'.

தீயோன்னா அங்கிள். "பெரியப்பாவா, மாமாவா?"ன்னு கேட்டேன். நமக்கு அது தெரியாம மேற்கொண்டு கதை கேக்க முடியாதே. அப்பாவோட அண்ணன். பெரியப்பா.

பெரியப்பா பிறந்தது 1920 கடைசியில். கின்த்தாவுக்கு வருஷம் எப்படி வைப்பாங்கன்னா, எந்த வருஷம் 21 வயசு ஆகுதோ அந்த வருஷம். ஆக அவர் 41-ம் வருஷ கின்த்தா. ஆனா அவரைக் கூப்பிட்டது 1938-ல். உள்நாட்டுப் போர். அந்த ஏப்ரல்ல ஃபிராங்கோ படை மத்தியதரைக் கடல் வரைக்கும் வந்து குடியரசுப் பகுதியை ரெண்டா வெட்டிடுச்சு. ஆள் இல்லை. 1941-ல் எடுக்க வேண்டிய பசங்களை மூணு வருஷம் முன்னாடியே இழுத்துட்டாங்க. அவங்களுக்கு அப்போ 17, 18 வயசு. ஏறக்குறைய 30,000 பேர்னு சொல்வாங்க.

அவங்களுக்கு ஒரு பேர் விழுந்துச்சு. 'கின்த்தா தெல் பிபெரோன்'. பிபெரோன்னா பால்புட்டி. பால்புட்டி பேட்ச். ஸ்பெயினோட முதல் பெண் மந்திரியா இருந்த ஃபெடெரிகா மொன்ட்செனி, இவ்வளவு சின்னப் பசங்களான்னு அங்கலாய்ச்சுச் சொன்னதுலேர்ந்து வந்த பேர்னு சொல்றாங்க. கொஞ்ச நாள்ல நடுவயசுக் குடும்பஸ்தர்களையும் கூப்பிட்டாங்க. அவங்க பேர் 'கின்த்தா தெல் சாக்கோ'. சாக்கோன்னா சத்தத்துல கூட நம்ம சாக்குதான்.

பெரியப்பா கிளம்பின அன்னைக்கு நண்பரோட அப்பாவுக்கு ஏழு வயசு. அவருக்கு ஞாபகம் இருந்தது ஒரு கம்பளியும் ஒரு ஸ்பூனும். பட்டாளத்துல எதுவும் கையிருப்பு இல்லை, கம்பளி, தட்டு, ஸ்பூன், காலுக்குச் செருப்பு எல்லாம் வீட்டுலேர்ந்தே கொண்டு வரச் சொல்லியிருந்தாங்களாம். வீட்டுல மொத்தம் அஞ்சு ஸ்பூன். அதுல ஒண்ணு போனது அந்தச் சின்னப் பையனுக்குப் பெரிய விஷயமாப் பட்டிருக்கு.

1938 ஜூலை 25-ல் எப்ரோ நதியைத் தாண்டி குடியரசுப் படை பாய்ஞ்சுச்சு. நவம்பர் 16 வரைக்கும் நடந்த சண்டை, அந்தப் போர்லயே நீளமானது, ரத்தம் அதிகம் சிந்தினது. பால்புட்டிப் பசங்க நிறைய பேர் அங்கே இருந்தாங்க. பெரியப்பாகிட்ட இருந்து ஆகஸ்ட்ல ஒரு கடிதம் வந்துச்சு. அப்புறம் வரலை.

உயிரோட திரும்பினவங்க கதையும் சுகமில்லை. தோத்த பக்கம்கிறதால முகாம், அங்கேர்ந்து வேலைப் படைகள். அதுவும் முடிஞ்சு, நீ ஃபிராங்கோவுக்கு இன்னும் சர்வீஸ் பண்ணலையேன்னு முதல்லேர்ந்து மறுபடியும் மிலிட்டரி. 17 வயசுல போனவன் இருபதுகளோட நடுவுலதான் வீட்டுக்கு வந்தான். பிழைச்சு வயசானவங்க சேர்ந்து 1989-ல் பாந்தோல்ஸ் மலையில, சண்டை நடந்த அதே குன்றுல, அமைதிக்குன்னு ஒரு நினைவுச் சின்னம் வச்சாங்க. 2016-ல் கத்தலோனியா அரசு, காணாமப் போனவங்களை அடையாளம் காண சொந்தக்காரங்ககிட்ட டி.என்.ஏ. சேகரிக்கிற திட்டம் ஆரம்பிச்சது. நண்பரோட அப்பா 85 வயசுல போய் எச்சில் மாதிரி கொடுத்துட்டு வந்தாராம். பதில் வரதுக்கு முன்னாடி அவரும் போயிட்டார்.

அவர் கையில இருந்த பாடப் புத்தகத்துல தலைமுறைகள்னு ஒரு பெட்டி போட்டிருந்தான். பேபி பூமர், எக்ஸ், மிலேனியல், இசட். எல்லாம் அமெரிக்கக் கணக்கு. பூமர்னா 1946-லேர்ந்து 64 வரை. அங்கே போர் முடிஞ்சு சிப்பாய்ங்க திரும்பி வந்து, வீடு வாங்கி, தொட்டில் வாங்கின காலம். அதே 1946-ல் ஸ்பெயின்ல ரேஷன் கார்டு, பசி. ரேஷன் முடிஞ்சதே 1952-ல்தான். அங்கே பிள்ளைகள் பெருகினது 50-கள் கடைசிக்கு மேல. அதுக்குப் பின்னாடி உள்ள பேருங்க எனக்கு இன்னும் விளங்கலை. டக்ளஸ் கூப்லண்ட் 1991-ல் எழுதின நாவல்ல இருந்து எக்ஸ் பரவிச்சு. அதே வருஷம் ஸ்ட்ராஸும் ஹோவும் எழுதின புத்தகத்துல மிலேனியல் வந்துச்சு. 1996 வரைக்கும் பிறந்தா மிலேனியல், 97-ன்னா இசட்னு ஒரு ஆய்வு நிறுவனம் கோடு போட்டுச்சு. நான் 97. எங்க அக்கா 96. ஒரே வீடு, ஒரே டிவி, ஒரே ரிமோட் சண்டை, ஆனா வேற வேற தலைமுறையாம். போங்கப்பா.

அமெரிக்காவுலயும் குலுக்கல் இல்லாம இல்லை. 1969 டிசம்பர் 1-ந் தேதி, வியட்நாமுக்கு ஆள் எடுக்க, 366 பிறந்த நாளை நீல கேப்ஸ்யூல்ல போட்டு டிவி கேமரா முன்னாடி எடுத்தாங்க. முதல்ல வந்தது செப்டம்பர் 14. அதுல மாட்டினவங்கள்லயும் பாதிக்கு மேல இந்த பூமர்கள்தான். ஆனா அந்தப் பேர்ல குழந்தைங்க பெருகினது மட்டும்தான் இருக்கு, குலுக்கல் இல்லை. எனக்கு ஸ்பானிஷ் முறை பிடிச்சுப் போனது இதனாலதான். கின்த்தாங்கற சொல், நீ எப்போ பிறந்தே, என்ன வாங்குவேன்னு கேக்கலை. உன்னை எந்த வருஷம் இழுத்துட்டுப் போனாங்கன்னு கேக்குது.

சரி, பரீட்சைக்கு வருவோம். மூணு நிமிஷப் பேச்சை அவர் எழுதி அனுப்பினார். நாலாவது வரியில அதே பழைய தப்பு. 'மை அங்கிள் ஹேட் செவன்டீன் இயர்ஸ்'. வழக்கம்போல சிவப்புல அடிச்சு 'வாஸ் செவன்டீன்'னு திருத்தினேன். சேவ் பண்ணப் போனவன் அப்படியே உட்கார்ந்துட்டேன். அவர் எழுதினதை அப்படியே தமிழ்ல படிச்சுப் பாருங்க. என் பெரியப்பாகிட்ட பதினேழு வருஷம் இருந்துச்சு. இருந்தது அவ்வளவுதானே? இதுல நான் எதைத் திருத்தறது?

ஆனா பரீட்சைன்னா பரீட்சை. விஷயத்தைச் சொல்லி, திருத்தினதையும் அனுப்பினேன். "இலக்கணம் உன் பக்கம்"னு மட்டும் பதில் போட்டார். தேர்வு முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. பாஸ். எந்த வாக்கியத்தைச் சொன்னீங்கன்னு கேட்டேன். படபடப்புல பழையதைத்தான் சொன்னாராம். தேர்வு எடுத்த அம்மா எதையோ குறிச்சுக்கிட்டாங்களாம்.

ஸ்பெயின்ல கட்டாய ராணுவ சேவை 2001 கடைசியோட நின்னு போச்சு. குலுக்கல் இல்லை, உயரம் அளக்கறது இல்லை. ஆனா கிராமங்கள்ல 'கின்த்தோஸ்' திருவிழா இன்னும் நடக்குது. அந்த வருஷம் 18 ஆகற பசங்களும், இப்போ பொண்ணுங்களும், சேர்ந்து ஊர் சுத்தி, வீடு வீடாப் போய்க் காசு வசூல் பண்ணி, செவுத்துல 'கின்த்தோஸ் வாழ்க'ன்னு வருஷத்தோட பெயின்ட் அடிப்பாங்க. நண்பரோட ஊர் தண்ணித் தொட்டியில அவங்க செட்டு 85-ல் அடிச்சது இன்னும் அழியாம இருக்காம். போட்டோ அனுப்பினார்.

டிஸ்கி: ஸ்பெயின் போற பதிவர்கள் கவனத்துக்கு. பார்ல 'உன் கின்த்தோ'ன்னு கேட்டா பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்க. லிட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு, 200 மில்லி பீர் பாட்டில் வரும்.